முப்பத்து மூன்றாம் பக்கத்துக் குறி

வடுவூர் என்றால் இப்போது ஏரியும் பறவைகளும் கோதண்டராமர் கோயிலும்தான் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். எனக்கு மேனகாதான் நினைவுக்கு வருவாள். அந்த ஊரில் பிறந்த துரைசாமி ஐயங்காரின் நாவல் நாயகி அவள். தஞ்சாவூர் டிப்டி கலெக்டரின் மகள், திருவல்லிக்கேணி வக்கீல் வராகசாமிக்கு வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார்கள் அவளைப் படுத்தாத பாடு படுத்தி, கடைசியில் பணம் வாங்கிக்கொண்டு ஒரு பணக்காரன் வீட்டில் தள்ளிவிடுகிறார்கள். நாடகக்காரனோடு ஓடிவிட்டாள் என்று கதையும் கட்டுகிறார்கள். வீடு நம்பிவிடுகிறது. கட்டின புருஷனும் நம்பிவிடுகிறான். அவளை அணைத்துக் காப்பாற்றுகிறவள் அந்தப் பணக்காரனின் மனைவி நூர்ஜஹான். பிராமண வீட்டுக் கதையில் ஒரு முஸ்லிம் பெண்ணை அறத்தின் பக்கம் நிறுத்திய அந்த மனிதரை 'மூன்றாம் தர எழுத்தாளர்' என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கோபப்பட எனக்குக் காரணம் இருக்கிறது. கும்பகோணத்தில் நாகேஸ்வரன் கோயில் பக்கம் என் அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு லெண்டிங் லைப்ரரி ஆரம்பித்தார். அவருக்குப் பிறகு அதை நான் நடத்தினேன். சின்னக் கடைதான். முன்னால் ஒரு மேஜை, பின்னால் உத்தரம்வரை அலமாரி. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை, கொஞ்சம் முன்பணம். பரணில் அப்பா பழைய நாவல்களைத் தனியாக அடுக்கியிருந்தார். ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூரார், வை.மு. கோதைநாயகி அம்மாள். அட்டை கிழிந்தவற்றைப் பிரித்து, மறுபடி நூல் போட்டுத் தைத்து, காலிகோ ஒட்டி வைப்பார். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார், பூச்சி அரிக்காமல் இருக்க. அந்தப் பச்சை வாசனையோடுதான் எனக்கு எல்லாக் கதைகளும் நினைவில் இருக்கின்றன.

காதலும் மர்மமும் கலந்த குடும்பக் கதை என்கிற வியாபாரம் தமிழில் நூறு வருடத்தைத் தாண்டிவிட்டது. ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1908-இல் வந்தது. எரிந்துபோன ஒரு பிணத்தைப் பார்த்து ராஜாம்பாள் செத்துவிட்டாள் என்று ஊர் முடிவுகட்டுகிறது. பழி அவளைக் காதலித்த கோபாலன் மேல் விழுகிறது. துப்பறியும் கோவிந்தன் வந்து முடிச்சை அவிழ்க்கிறான். தமிழ் துப்பறியும் நாவலின் முதல் தலைமுறைக் கதை இது. இதில் துப்பறிகிறவன் ஆராய்வது ஒரு வீட்டைத்தான். யார் யாருக்குப் பெண் கொடுக்க மறுத்தார்கள், யாருக்கு யார் மேல் ஆசை, எந்தச் சொத்து யார் பேரில் இருக்கிறது. கைரேகையும் துப்பாக்கிக் குண்டும் பிறகு வந்தவை.

ஆரணி குப்புசாமி முதலியார் வேறு வழியில் போனார். 1915-இல் தொடங்கிய 'ஆனந்தபோதினி'க்கு ஆசிரியராக இருந்த அவர், ஷெர்லாக் ஹோம்ஸை ஆனந்தஸிங் ஆக்கினார். ரெயினால்ட்ஸ் நாவல்களைத் தமிழில் இறக்கினார். 1840-களில் லண்டனில் வாரம் ஒரு பென்னிக்கு விற்ற கதைகள் ரெயினால்ட்ஸுடையவை. இங்கிலாந்து அவரைக் கைகழுவிய பிறகும் இந்திய வாசகர்கள் விடவில்லை. பிரபுக்களின் மாளிகைக்குள் என்ன நடக்கிறது என்பதே அவருடைய சரக்கு. பூட்டிய அறை, மாற்றி வைத்த குழந்தை, ஒளித்து வைத்த உயில். கூட்டுக் குடும்பமும் ஜமீனும் இருந்த நாட்டில் இதற்கு அதிகமாக மொழிபெயர்ப்பு வேலை தேவைப்படவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், கதை இங்கே நடந்ததாகவே ஆகிவிடும். தழுவல் என்று புதுமைப்பித்தன் அதைக் கடுமையாகச் சாடினார். இலக்கியத்தின் பக்கம் நின்று பார்த்தால் அவர் சொன்னது சரி. படித்தவர்கள் பக்கம் நின்று யாரும் அப்போது பார்க்கவில்லை என்பதே என் குறை.

அந்தப் பெண்கள் எப்படிப் படித்தார்கள் என்று என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுப் போன பிறகு, எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருத்தி ரேழியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். மற்றவர்கள் அரிசியில் கல் பொறுக்குவார்கள், பூக் கட்டுவார்கள். வராகசாமியின் அக்கா பேசுகிற இடம் வந்தால் எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போகுமாம். அந்த வீட்டிலேயே கூடத்து ஊஞ்சலில் அப்படி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வாயால் சொல்ல முடியாததை அந்தப் புத்தகம் உரக்கச் சொல்லிவிடும். "நாங்களா சொன்னோம், கதையில போட்டிருக்கு" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியும். நாவல் படித்தால் பெண்கள் கெட்டுவிடுவார்கள் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் திரும்பத் திரும்ப எழுதியதற்கு வெறும் ஒழுக்கக் கவலைதான் காரணம் என்று நான் நம்பவில்லை.

கோதைநாயகி அம்மாளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1901-இல் பிறந்தவர், ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் குழந்தைகளைச் சுற்றி உட்கார வைத்துக் கதை சொல்லுவதில் அப்படி ஒரு திறமை. சரளமாக எழுத வராததால், தான் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளை எழுத வைத்து முதல் நாடகமான 'இந்திர மோகனா'வை 1924-இல் கொண்டுவந்தார். அடுத்த வருடமே 'ஜகன்மோகினி' பத்திரிகையை வாங்கி நடத்த ஆரம்பித்தார். அதில் 'வைதேகி' தொடராக வந்தது. மொத்தம் 115 நாவல்கள். நடுவில் காங்கிரஸ் போராட்டம், கள்ளுக்கடை மறியல், சிறை. சிறைக்குள்ளும் எழுதினார். திருவல்லிக்கேணியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் பத்திரிகை நடத்தி, நாவல் எழுதி, மேடையேறிப் பேசி, அதையும் இருபதுகளிலேயே செய்தார் என்பதைத் தமிழ் இலக்கிய வரலாறுகள் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. அவருடைய 'தயாநிதி' 1966-இல் 'சித்தி' என்று படமாக வந்தபோது எங்கள் கடையில் அந்த நாவலைக் கேட்டு ஆள் வந்ததாக அப்பா சொல்லுவார். கதாசிரியர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது.

நாவலிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து திரைக்கும் போன பாதையும் இவர்கள் போட்டதே. எம்.கே. ராதாவின் தந்தை கந்தசாமி முதலியார் 'ராஜாம்பாள்', 'ராஜேந்திரன்', 'சந்திரகாந்தா', 'மேனகா' எல்லாவற்றையும் பாய்ஸ் கம்பெனி நாடகமாக்கினார். பெரும்பாலும் புராணம் ஆடிய மேடையில் வக்கீலும் சப் மாஜிஸ்திரேட்டும் நாத்தனாரும் ஏறினார்கள். 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்கள் 'மேனகா'வை ராஜா சாண்டோ இயக்கத்தில் படமாக நடித்தார்கள். வடுவூராரின் இன்னொரு நாவலிலிருந்து 1950-இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது 'திகம்பர சாமியார்'. எம்.என். நம்பியார் வேஷம் மாற்றி மாற்றி வந்து ரகசியங்களைக் கறந்தெடுக்கும் படம்.

இந்தக் கதைகளில் ஞாபக மறதி எப்போது நுழைந்தது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். வடுவூரார் காலத்தில் தலையில் அடிபட்டு யாரும் பேரை மறந்ததாக எனக்குத் தெரிந்து இல்லை. அங்கே இருந்தது மயக்க மருந்து, மாறுவேஷம், போலிக் கடிதம். ஆனால் மறதிக் கதை நமக்குப் புதிதா என்ன? துர்வாசர் சாபத்தில் துஷ்யந்தன் சகுந்தலையை மறந்தான். மீன் வயிற்றிலிருந்து மோதிரம் வந்ததும் நினைவு திரும்பியது. 1940-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து அதுவும் படமாக ஓடியது. அந்தக் கதையை ஒரு பெண்ணாக நின்று பாருங்கள். மறந்தவன் அரண்மனையில் சுகமாக இருக்கிறான். மறக்காதவள் சபை நடுவில் நின்று, "நான்தான்" என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

நான் படித்த இந்த வகைக் கதைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இதுதான் ஓடுகிறது. மறப்பவன் ஆண், அல்லது மொத்த வீடும். நினைவைச் சுமப்பவள் ஒரு பெண், இல்லாவிட்டால் வேலைக்காரக் கிழவர். கதை முழுக்க நடக்கிற போராட்டம் ஒன்றே: அவளுக்குத் தெரிந்ததை மற்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கடைக்கு வந்துகொண்டிருந்த ஒரு கல்லூரி ஆசிரியை தூண்டிவிட்டு, வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' நாவலை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்திலேயே படித்தேன். 1868-இல் டிக்கன்ஸ் நடத்திய வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. கதை ஆரம்பிப்பது நம் பக்கத்தில், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த அன்று கொள்ளை போன ஒரு வைரத்தில். அது ரேச்சல் என்ற பெண்ணுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்து, அன்றிரவே காணாமல் போகிறது. எடுத்தவன் அவள் காதலிக்கும் பிராங்க்ளின். அவள் தன் கண்ணால் பார்த்துவிடுகிறாள், பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. அவனுக்கோ எடுத்ததே தெரியாது, ஏனென்றால் ஒரு டாக்டர் அவனறியாமல் அபினி கொடுத்திருக்கிறார். அந்த டாக்டருக்கும் காய்ச்சல் வந்து, கொடுத்தது மறந்துபோகிறது. அவருடைய உதவியாளர் எஸ்ரா ஜென்னிங்ஸ், ஜன்னியில் டாக்டர் பிதற்றிய துண்டுச் சொற்களை எழுதி வைத்துக் கோத்து, உண்மையைக் கண்டுபிடிக்கிறார். பிறகு அதே வீடு, அதே அறை, அதே மாதிரி சாமான், மறுபடியும் அபினி. பிராங்க்ளின் தூக்கத்தில் நடப்பவனாக எழுந்து போய் மறுபடியும் எடுக்கிறான். இந்தக் காட்சியை எழுதியவர் தானும் மூட்டுவலிக்காக அபினித் தைலம் குடித்துக்கொண்டிருந்தவர். ராத்திரி அந்த அத்தியாயத்தைப் படித்து முடித்தபோது மேனகாவின் கதையை இன்னொரு மொழியில் படித்ததாகத்தான் எனக்குப் பட்டது. ரேச்சலின் வாய் பேசாத ஒரு வருடம்தான் அந்த நாவலின் உயிர், வைரம் இல்லை.

தமிழில் அந்த மறதியைப் பெரிய அளவில் கொண்டுவந்தது சினிமா. 1956-இல் 'அமரதீபம்'. சிவாஜி நினைவிழந்து சாவித்திரியை மறந்து பத்மினியோடு பழகுவார். நினைவு திரும்பியதும் பத்மினியை மறப்பார். ஜேம்ஸ் ஹில்டன் நாவலிலிருந்து ஹாலிவுட் 1942-இல் எடுத்த படத்தின் சாயல் அது. அங்கே முதல் உலகப் போரில் குண்டு வெடித்து மூளை கலங்கிய சிப்பாய், இங்கே போரைக் காணாத இளைஞன். தலையில் ஒரு அடியில் நினைவு போவதும் மறு அடியில் திரும்புவதும் மருத்துவத்தில் ஒப்புக்கொள்ளக்கூடியது இல்லை. ஆனால் திரும்பி வந்தவன் உன்னை யாரென்று கேட்கும் நிமிஷத்துக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்பாத புருஷன்மார்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963-இல் வந்தது. நண்பன் ஊருக்குப் போகும் கல்யாண்குமாருக்கு, பாழடைந்த மாளிகையில் ஒரு பெண்ணின் அழுகை கேட்கிறது. பூர்வ ஜென்மம் நினைவுக்கு வருகிறது. ஜமீன் வாரிசாக இருந்து ஓர் ஏழைப் பெண்ணைக் காதலித்ததும், தன் அப்பாவே அவளைக் கொன்றதும். அந்த அப்பா நூறு வயதைத் தாண்டியும் சாகாமல் அங்கேயே கிடக்கிறார். ஒரு குடும்பத்தின் ரகசியம் சாவதில்லை என்பதை இதைவிட அப்பட்டமாக யார் காட்டியிருக்கிறார்கள்? ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அந்தக் கறுப்பு வெள்ளைக்காகவே நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் 'புதிய பறவை'. செத்துப்போன மனைவி உயிரோடு வந்து நிற்கிறாள். இல்லை, இவள் அவளில்லை என்று நாயகன் கோபால் துடிக்கிறார். அது எப்படி அவருக்கு அவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதில்தான் படம் இருக்கிறது. ஆங்கிலப் படத்திலிருந்து வங்காளம் வழியாக வந்த கதை என்றாலும், சௌகார் ஜானகியின் புடவைத் தலைப்பு ஆடும்போது அது நம் வீட்டுக் கதையாகிவிட்டது.

1982-இல் 'மூன்றாம் பிறை' வந்தபோது தலைகீழானது. நினைவிழப்பவள் பெண். கேத்தி ரயில் நிலையத்தில் ஸ்ரீதேவி கமலைத் தெரியாதவனாகப் பார்த்துவிட்டுப் போவார். ஊரே அழுதது. அந்த வாரம் கடைக்கு வந்த வாசகி ஒருத்தர், வாடகைக் காசை எண்ணிக்கொண்டே, "இப்பவாவது ஆம்பளைங்களுக்குத் தெரிஞ்சா சரி" என்றார். கூட நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். எனக்கும் விளங்கிவிட்டது.

அதற்குள் வியாபாரம் மாறிவிட்டிருந்தது. 1969-இல் 'ராணி முத்து' ஆரம்பித்த மாத நாவல் பழக்கம், எண்பதுகளில் பெருவெள்ளமானது. 'மாலைமதி', 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தொங்கும். நியூஸ் பிரிண்ட் தாள், முதுகில் பின். இரண்டு கை மாறினால் பிய்ந்துவிடும். வந்த அன்றே பின்னைக் கழற்றி, மூன்று இடத்தில் ஊசியால் குத்தி, நூல் போட்டு, பழைய காலண்டர் அட்டையை மடித்து ஒட்டுவோம். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' குமுதத்தில் தொடராக வந்தபோது வாரா வாரம் பக்கத்தைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்யக் கொண்டுவந்தவர்கள் பலர். வாரிசுப் பெண் லீனா, சித்தப்பா, பரம்பரை வீடு, மரத்தடியில் உலவும் உருவம். துப்பறியும் கணேஷும் வஸந்தும் விஞ்ஞானம் பேசினாலும் எலும்புக்கூடு பழையதுதான், ஒரு சொத்தும் ஒரு பெண்ணும். ராஜேஷ்குமார் கோயம்புத்தூரிலிருந்து எழுதி ஆயிரத்து ஐந்நூறு நாவலைத் தாண்டினார். இந்திரா சௌந்தர்ராஜன் குலதெய்வத்தையும் ஊர் ரகசியத்தையும் எடுத்துக்கொண்டார். ரமணிசந்திரனிடம் கொலை இருக்காது. ஆனால் நாயகன் ஏன் அப்படிச் சிடுசிடுக்கிறான் என்பதற்குக் கடைசி இருபது பக்கத்தில் ஒரு குடும்பக் காரணம் திறக்கும். அதுவும் துப்பறிதல்தான். துப்பறிகிறவள் கல்யாணமாகி வந்த பெண்.

மாத நாவல் பெருகியதும் வாசகிகளுக்கு ஒரு சிக்கல் வந்தது. தலைப்புகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. அட்டைப் படத்தையும் நாங்கள் காலண்டர் அட்டையால் மூடிவிட்டோம். படித்ததா, படிக்காததா? அதற்கு அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒவ்வொருத்தரும் தமக்கென ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கத்து மூலையில் பென்சிலால் ஒரு குறி போடுவார்கள். ஒருத்தருக்கு ஒரு சின்னச் சங்கு. இன்னொருத்தருக்கு இரண்டு புள்ளி. முப்பத்து மூன்றாம் பக்கத்தில் நட்சத்திரம் போடுகிறவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். கடை வாசலில் நின்று வேறொன்றும் பார்க்காமல் நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். நட்சத்திரம் இருந்தால் திருப்பி வைத்துவிடுவார்.   ஒரே புத்தகத்தில் எட்டு, பத்து பேரின் குறி.

அந்த நட்சத்திரக்காரருக்குப் பிற்காலத்தில் மறதி வந்தது. பேத்தி கையைப் பிடித்து அழைத்துவருவாள். என்னை அவருக்குத் தெரியவில்லை. "யாரும்மா நீ, செட்டியார் வீட்டுப் பொண்ணா?" என்பார். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் விரல் தானாக முப்பத்து மூன்றாம் பக்கத்துக்குப் போகும். குறியைத் தடவுவார், வேண்டாம் என்று தருவார். ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் குறி இருந்தும் திரும்பத் திரும்ப எடுத்துப் போனார். பெற்ற குழந்தையை உறவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டு, அத்தை என்று கூப்பிடக் கேட்டே வாழ்கிற ஒருத்தியின் கதை அது. அதில் மட்டும் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம், அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. நான் பேத்தியிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்காததே சரி என்று இன்றும் நினைக்கிறேன்.

பழைய நாவல்களைக் காப்பாற்றியவர்கள் இருக்கிறார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா இலக்கியமென்றும் குப்பையென்றும் பிரிக்காமல் அச்சில் வந்ததையெல்லாம் சேர்த்தார். அவர் சேர்த்தது 1994 முதல் சென்னையில் ஆய்வு நூலகமாக இருக்கிறது. 'மேனகா'வை இப்போது செல்போனிலேயே படிக்கலாம். ஆ.இரா. வேங்கடாசலபதி 'நாவலும் வாசிப்பும்' எழுதிய பிறகு, இந்தப் புத்தகங்களை யார் எப்படிப் படித்தார்கள் என்று கேட்பது மரியாதையான கேள்வியாகவும் ஆகிவிட்டது. கவலை எண்பதுகளின் மாத நாவல்களைப் பற்றித்தான். அந்தத் தாளுக்கு ஆயுள் கிடையாது. எடைக்குப் போனது போக மிச்சம் பழுத்துப் பொடியாகிக்கொண்டிருக்கிறது.

கடையை மூடியபோது புத்தகங்களைப் பிரித்துக் கொடுத்தேன், லெட்ஜர்களை மட்டும் கொடுக்கவில்லை. நீளவாட்டுக் கணக்கு நோட்டுகள். தேதி, உறுப்பினர் எண், புத்தகம், வாடகை. தமிழ்ப் பெண்கள் என்ன படித்தார்கள் என்று எழுதுகிறவர்கள் விமர்சனங்களையும் பத்திரிகைத் தலையங்கங்களையும் பார்த்து எழுதுகிறார்கள். ஆழமானதைப் படிப்பவர்கள் ஒரு கூட்டம், மர்மக் கதை படிப்பவர்கள் இன்னொரு கூட்டம் என்று அதில் கோடு போட்டிருக்கும். என் லெட்ஜரில் அந்தக் கோடு இல்லை. ஒரே எண்ணில், ஒரே நாளில் ஜெயகாந்தனும் ராஜேஷ்குமாரும். அம்பையைத் திருப்பிய கையோடு ரமணிசந்திரன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்' போன வீட்டுக்கு அடுத்த வாரம் வடுவூராரின் 'கும்பகோணம் வக்கீல்'. ஆய்வு செய்கிற பிள்ளைகள் யாராவது வந்தால் காட்டுகிறேன், உட்கார்ந்து படியெடுக்க மேஜையும் இருக்கிறது. உறுப்பினர் எண்ணுக்கு யார் பெயர் என்கிற நோட்டை மட்டும் தரமாட்டேன்.